கைக்கெட்டும் அப்பிள்

சிவகௌரி குதிக்காலை உயர்த்தி அப்பிளைப் பிடித்து, தோட்டக்காரன் காட்டிக்கொடுத்தபடி மெல்லத் தூக்கித் திருகினாள். இழுக்கக் கூடாதாம்; இழுத்தால் அடுத்த வருஷத்து மொட்டும் சேர்ந்து வந்துவிடுமாம். காம்போடும் ஒற்றை இலையோடும் பழம் கைக்குள் வந்தது. அதை மட்டும் பையில் போடாமல் கோட்டுப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டாள்.

அது அப்பாவுக்குச் சொல்வதற்கு. யாழ்ப்பாணத்தில் முப்பது வருஷம் சங்கக்கடை மனேஜராக இருந்து, பருப்பும் மாவும் நிறுத்தே தலை நரைத்த மனுஷன். கென்றுக்கு அப்பிள் பிடுங்கப் போகிறோம் என்று போன ஞாயிறு போனில் சொன்னபோது, "அது கைக்கு எட்டுமோ பிள்ளை, இல்லாட்டி தேங்காய் மாதிரி ஏறோணுமோ?" என்று கேட்டார். பார்த்துவிட்டு வந்து அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றிருந்தாள். இன்றைக்குத்தான் அந்த ஞாயிறு. காலையில் போனைக் கையில் எடுத்தவளைக் கணவன் குருமூர்த்திதான் அவசரப்படுத்திவிட்டான்.

"பின்னேரம் ஆறுதலாக் கதையும். இப்ப வெளிக்கிட்டாத்தான் டார்ட்ஃபோர்ட் பாலத்தில ட்ராஃபிக் இராது."

போனில் சார்ஜ் இல்லையென்று அதையும் வீட்டிலேயே விடவைத்தான்.

மே மாதத்துக்குப் பிறகு அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் காரியம் இந்தப் பயணம். வன்னிப் போரில் தம்பி முடிந்துபோன செய்தி வந்த அன்று குசினியில் நின்றபடியே விழுந்து, நெற்றியில் ஏழு தையல். அதற்குப் பிறகு வேலை, வீடு, வேலை. மகள் தக்ஷிகாவின் புத்தகப் பைக்குள் கிடந்த தோட்டத்து விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போவமே?" என்று அவள் கேட்டபோது குருமூர்த்தி உடனே தலையாட்டினான். பக்கத்து வீட்டு மெற்றில்டாவும் காரில் ஏறிக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்கோ, கைக்கு எட்டுது!" என்று சிவகௌரி மரத்தடியிலிருந்து கத்தினாள்.

குருமூர்த்தி கையை உயர்த்திக் காட்டினான். மனுஷன் அன்று முழுக்க அப்படித்தான் இருந்தான். வழக்கமாக வாகனம் நிறுத்தக் காசு கேட்டாலே ஒரு பிரசங்கம் வைப்பவன், கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்தான். பதினொரு வயதுத் தக்ஷிகாவோ அதைவிட அதிசயம். இருபது தரம் சொன்னாலும் ஒரு கோப்பையைக் கழுவாதவள், அம்மாவின் அப்பிள் பையைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். ஊர் சுற்றினால் பிள்ளைக்கும் குணம் வருகிறது என்று சிவகௌரி மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு ட்ராக்டர் வந்தது. பின்பெட்டியில் வைக்கோல் கட்டுகள்மேல் எல்லோரையும் ஏற்றிப் பூசணித் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியோரத்து மரங்கள் மஞ்சளும் செம்மஞ்சளுமாக உதிர்ந்துகொண்டிருந்தன. ஒரு பள்ளத்தில் ட்ராக்டர் தூக்கிப்போட, சிவகௌரி மெற்றில்டாவின் மடியிலேயே போய் விழுந்தாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. குருமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு இருந்தான்.

மத்தியானம் மெற்றில்டா பெட்டியைத் திறந்து ஆட்டிறைச்சி றோல்ஸ் எடுத்தாள்.

"எனக்கு வேண்டாம், வயிறு சரியில்லை" என்றான் குருமூர்த்தி. தக்ஷிகா அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டாமென்றாள்.

"அப்ப அவையின்ர பங்கும் உங்களுக்குத்தான் கௌரியக்கா."

சிவகௌரி மூன்று றோல்ஸ் சாப்பிட்டாள். மூன்றாவதைக் கடிக்கும்போது குருமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினான்.

பிளேஸ்டோ வீட்டுக்குத் திரும்பியபோது ஐந்து மணி. மெற்றில்டா தன் வீட்டுக்குப் போய்விட்டாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் சிவகௌரி ரெலிபோன் கார்ட்டைத் தேடினாள்.

"கௌரி, முதல்ல இதில இரும்" என்றான் குருமூர்த்தி. அவள் தேடி முடிப்பதற்குள் தேத்தண்ணீர் போட்டு வைத்திருந்தான். பதினாறு வருஷத்தில் அவன் தேத்தண்ணீர் போட்டது இது மூன்றாவது தடவை.

"மாமா, உம்மட அப்பா, மோசம் போயிட்டார்."

தக்ஷிகா படிக்கட்டில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் திடுக்கிடவில்லை.

"எப்ப?"

"நேற்று. அங்கத்தை மத்தியானம்."

"எடுத்தாச்சோ?"

"ஓம். இண்டைக்கு நாலு மணிக்கு."

இரண்டு ஊருக்கும் நாலரை மணி வித்தியாசம்; நாலிலிருந்து நாலரையைக் கழித்தாள். பதினொன்றரை. ட்ராக்டர்.

"பிள்ளைக்கும் தெரியுமோ?"

"நேற்றுச் சொன்னனான். மேயில நடந்தது உமக்குத் தெரியும்தானே, கௌரி. திரும்பவும் விழுந்தீரெண்டால்... ஒரு நாளாவது சந்தோஷமா இருக்கட்டும் எண்டுதான். எப்பிடியும் உம்மால அங்க போக ஏலாதுதானே."

அவள் எழுந்து குளியலறைக்குப் போய் வாய் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். அப்பாவை எரித்த நாளில் மச்சம், ஆட்டிறைச்சி, சாப்பிட்டிருக்கிறாள், அதுவும் மூன்று றோல்ஸ். சாவுத் துடக்கென்று இவர்கள் இரண்டு பேரும் வாய் வைக்காமல் இருந்துகொண்டு, அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு கோபம்தான் வந்தது.

பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தாள். தங்கை அருள்நாயகியின் குரல் அடைத்துப்போயிருந்தது.

"அக்கா, அத்தான்தான் இப்ப சொல்ல வேண்டாமெண்டவர். உனக்குப் பிரஷர் எண்டு."

"வாய்க்கரிசி போடேக்கயாவது போனைப் பிடிச்சிருக்கலாமே அருள். நான் கேட்டுக்கொண்டாவது இருந்திருப்பன்."

"நான் உனக்கு முதலே எடுத்தனான் அக்கா. வெள்ளிக்கிழமை இரவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்க அப்பாவுக்கு நல்ல நினைவு. கௌரியோட கதைக்கோணும் எண்டவர். அப்பவே எடுத்தனான். நீ நித்திரை எண்டு அத்தான் சொன்னவர்."

சிவகௌரி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அதுக்கு அப்பா என்ன சொன்னவர்?"

"வேலைக்குப் போற பிள்ளை, எழுப்ப வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எடுப்பாள்தானே எண்டவர்."

இங்கே அது வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் குசினியில் நின்று தக்ஷிகாவின் மழைச் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. குருமூர்த்தி அதை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனான். யாரென்று கேட்டதற்குத் தன்னோடு வேலைசெய்கிற கடைப் பொடியன் என்றான். கடிதம் வந்தால் முதலில் பிரித்துப் பார்த்து, கெட்டதென்றால் மேசை லாச்சிக்குள் ஒளித்துவைக்கிற மனுஷன் அவன். அதையெல்லாம் தன்மேல் உள்ள பாசமென்றே இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் போனை வைத்துவிட்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை இரவு நான் நித்திரையே?"

குருமூர்த்தி தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தான்.

"சொல்லுங்கோவன். நான் நித்திரையே?"

"இப்பிடிக் கெதியா முடியுமெண்டு நான் நினைக்கேல்லை" என்றான் அவன்.

அவள் தலைமுழுகினாள். குளியலறை வாசலில் தக்ஷிகா துவாயோடு நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. "சொரி அம்மா" என்றாள். சிவகௌரி துவாயை மட்டும் வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கட்டிலில் கிடந்த கோட்டின் பொக்கெற்றில் அந்த அப்பிள் புடைத்துக்கொண்டிருந்தது. அதை வெளியே எடுக்காமல் பக்கத்தில் இருந்தாள். ஈரம் முதுகில் இறங்கியது.

ஆறரைக்கு வாசல் மணி அடித்தது. மெற்றில்டாவின் குரல், அவளோடு இன்னும் நாலைந்து பேரின் குரல்கள். செய்தி தெருவுக்குப் போய்விட்டது.

"என்ன மூர்த்தியண்ணை, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதே? நானெல்லோ என்ர கையால றோல்ஸ் எடுத்துக் குடுத்தனான்!" மெற்றில்டா அழுதுகொண்டிருந்தாள். "கௌரியக்கா எங்க?"

"மேல. இப்பதான் நித்திரையானவ" என்றது குருமூர்த்தியின் குரல், தாழ்ந்து, மிகுந்த அக்கறையோடு. "எழுப்ப வேண்டாம்."

சிவகௌரி எழுந்தாள். அந்த வீட்டுப் படிகளில் மேலிருந்து நாலாவது கிறீச்சிடும். இரவு வேலை முடிந்து வந்து தூங்குகிற குருமூர்த்தியின் நித்திரை கெடக்கூடாதென்று, பதினொரு வருஷமாக அவள் அந்தப் படியைத் தாண்டித்தான் கால் வைப்பாள்.

ஈரத் தலைமயிரை அவிழ்த்துவிட்டபடியே இறங்கி வந்து, நாலாவது படியில் இரண்டு காலையும் வைத்து நின்றாள்.

கீழே எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.