வெறும் டேக்

கம்பெனியிலிருந்து ஜெர்மனிக்குப் போக ஒரே ஒரு இடம். அது தனக்குத்தான் என்று வாலாம்பாள் நம்பியதில் தப்பே இல்லை. முடிச்சை அவிழ்த்தவள் அவள்தானே.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற குறிப்புத்தாள்களை அவள் டீமில் எக்ஸ்எஸ்எல்டி என்ற கம்ப்யூட்டர் மொழியில் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நாடு, நாற்பது விதி. ஒரு நாட்டில் வயதைப் பார்த்து மருந்தின் அளவு, இன்னொன்றில் எடையைப் பார்த்து. எந்த நாட்டுத் தாள், எந்த விதி என்பது ப்ரோகிராம் ஓடும்போதுதான் தெரியும். ஆனால் 2002-இல் அந்த மொழிக்கு ஒரு பிடிவாதம்: கூப்பிட வேண்டிய விதியின் பெயரை முன்னாலேயே எழுதி வைத்தாக வேண்டும். ஓடும்போது மாற்றிச் சொன்னால் கேட்காது. ‘இதுவானால் அது’ என்று நாற்பது தடவை எழுதி டீமே அல்லாடியது.

வாலாம்பாள் விதி ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு டேக், வெறும் பெயர்ச்சீட்டு மாதிரி, செய்தாள். விதிக்குப் பதிலாக டேக்கை ப்ரோகிராம் கையில் கொடுத்துவிட வேண்டியது. அதைக் கண்டதும் அந்த விதிக்கென்று எழுதிய டெம்ப்ளேட் தானே எழுந்து வேலையைப் பார்க்கும்.

இத்தனை புத்தி இருந்தவள் அதைத் தன் பெயரில் கம்பெனி சர்வரில் ஏற்றினாளா? அதுதான் இல்லை. டீம் லீட் ஸ்ரீகண்டன் கரமனையில் அவள் தெருக்காரன், வேலைக்குச் சிபாரிசு செய்தவன், பிறந்ததிலிருந்து அண்ணா. அண்ணா பார்க்குமுன் ஏற்றுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று, ஞாயிற்றுக்கிழமை ஃப்ளாப்பியில் போட்டு அவன் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். திங்கட்கிழமை அது ஸ்ரீகண்டன் பெயரில் ஏறியது. தெருவில் செல்லும் மரியாதை ஆபீஸில் செல்லுமா?

புதன்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் யோசுவா கேட்டார்: “ஸ்ரீகண்டன், இது எப்பிடி ஓடுதுன்னு ஒண்ணு சொல்லும்.”

ஸ்ரீகண்டன் மார்க்கரைத் திறந்தான், மூடினான். “வாலாம்பா, நீயே சொல்லேன்.”

சொன்னாள். யார் எழுதியது என்பது விளக்கத்திலேயே விளங்கிவிடாதா என்று போர்டு நிறைய எழுதி இருபது நிமிஷம் சொன்னாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாயாலேயே கெட்டாள்.

“அடிபொளி!” என்று மெச்சினார் யோசுவா. “ஜூனியர் பிள்ளைக்கே இம்புட்டு படிப்பிச்சு குடுத்திருக்காரே! ஸ்ரீகண்டன் ஜெர்மனிக்குப் போகட்டு. எல்லாம் தெரிஞ்ச ஆள் இங்க வேணும் கேட்டியா, வாலாம்பா இங்க இருக்கட்டு.”

‘நான்தான் எழுதினேன்’ என்று சொல்ல வாயெடுத்தாள். அண்ணா நிமிர்ந்து பார்த்தான். டஸ்டரை எடுத்து போர்டை அழிக்கத் தொடங்கினாள்.

வெளியே வந்ததும் அவன் பக்கத்தில் வந்து பிரியமாகக் கேட்டான்: “அங்கேர்ந்து உனக்கு என்ன வாங்கிண்டு வரட்டும்?”

“சாக்லேட் மதி அண்ணா, அதுவே போறும்” என்றாள். சொன்ன வாயை அறைய வேண்டும் போலிருந்தது.