மூன்று கிண்ணமும் அருமை

என் வீட்டுக்காரர் பார்த்த வேலைக்கு ஒரே தகுதி, எதைக் கொடுத்தாலும் பிடிக்காமல் போவது. துணி ஆலை கேன்டீனில் அவர் ருசி பார்ப்பவர். சமையல் முடிந்ததும் சமையல்காரர் ஒரு கரண்டி நீட்டுவார், இவர் விழுங்குவார். வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முகம் சுளித்தால் அண்டா அடுப்புக்குத் திரும்பும், சுளிக்காவிட்டால் சாப்பாட்டு மணி அடிக்கும். இவருக்கே இறங்கிவிட்டால் ஆலைக்கே இறங்கும் என்பது அங்கே கணக்கு.

அந்த முகத்தை எனக்கு வீட்டில் சும்மாவே காட்டினார். வெங்காயம் கண்ணில் படக்கூடாது, தக்காளித் தோல் நாக்கில் படக்கூடாது, சோறு குழையவும் கூடாது, விறைக்கவும் கூடாது. தட்டை அவர் முன் வைப்பதற்குள் நான் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, என்ன குறை என்று நானே சொல்லிவிடுவேன். முந்திக்கொண்டால் வலி கொஞ்சம் குறைவு. அப்புறம் கரண்டியும் கையுமாக அடுப்போரம் நின்று அவர் முகத்தையே பார்ப்பேன். நன்றாக இருக்கிறது என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. எனக்கு அதில் ஆத்திரம்தான், மறைப்பானேன்.

பிறகு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மணத்தையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதைத் தின்றாலும் ஈரத் துணியை மெல்வது மாதிரி இருக்கிறது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒருநாள் காலையில் நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது, குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தார். வாணலிக்கு மேல் மூக்கை நீட்டிக் கண் கலங்கினார். வெங்காயத்தால் என்றுதான் முதலில் நினைத்தேன்; மணம் திரும்பி வந்துவிட்டதாம்.

அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். வெங்காயத்தைப் பச்சையாகக் கடித்தார். அடிபிடித்த உருளைக்கிழங்கைச் சுரண்டித் தின்றுவிட்டுச் சட்டியைத் தடவிக் கொடுத்தார். வாய்க்கு வாய் பாராட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் உப்புப் போட மறந்த பருப்பையும் அதே குரலில் புகழ்ந்தார். என் தலைக்கனம் அன்றோடு இறங்கியது.

வீட்டில் இது செல்லும், ஆலையில் செல்லுமா? வேலைக்குத் திரும்பியவர் கரிந்த சூப்பை விழுங்கிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். மணி அடித்தது. தொழிலாளர்கள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை அப்படியே விட்டு எழுந்து போனார்கள். நாளைக்கு மூன்று கிண்ணம் வைப்பேன், கெட்டது எது என்று சொல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. காய்ச்சல் கதையைச் சொல்லிக் கெஞ்சுவதற்காக என்னையும் கூட்டிப் போனார்.

கேன்டீன் மேஜையில் மூன்று கிண்ணம் சூப் இருந்தது. இவர் கரண்டியை எடுப்பதற்குள் பழக்கதோஷத்தில் என் விரல் நீண்டுவிட்டது.

"இதுல உப்பு தூக்கல். இதுல எண்ணெய் பழசு, திரும்பக் காய்ச்சினது. இது பரவாயில்ல, ஆனா கேரட் வேகல."

எங்கே நிற்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. மேலாளர் உப்பைக் கொட்டிக் கெடுத்து வைத்தது ஒரு கிண்ணத்தைத்தான். சமையல்காரர் எண்ணெய் டின்னைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார். என் வீட்டுக்காரர் அதற்குள் மூன்றையும் காலி செய்துவிட்டு, மூன்றுமே அருமை என்றார்.

வேலை எனக்குக் கிடைத்தது.

இப்போது வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. ஆசை ஆசையாகச் செய்கிறார். முதல் நாள் ஆலையிலிருந்து வந்து உட்கார்ந்தேன். தட்டை வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக அடுப்போரம் போய் நின்றார். நான் மென்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு ஒரு சிட்டிகை கூடுதல். சோறு கொஞ்சம் குழைவு.

"நல்லா இருக்கு," என்றேன்.

அவர் உடனே கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இத்தனை நாளும் நீ இங்கதான் நின்னியா?"

"இங்கதான். சாப்பிடுங்க, ஆறிடும்."