மூன்றாவது மாடி, கடைசி ஜன்னல்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வழி கேட்டுப் போய் மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பார்க்க வேண்டிய இடங்கள் என்று அச்சடித்துக் கொடுக்கிற தாளைத் தொடவே மாட்டேன். உள்ளூர்க்காரர் யாரையாவது பிடித்து நிறுத்தி, "வெளியூர்க்காரங்களுக்குக் காட்டுற இடம் வேண்டாங்க. உங்க மனசுக்குப் பிடிச்ச இடம் எது?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு, உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்டுவிட்ட பெருமையோடு மனைவியைப் பார்ப்பேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இப்படிக் கேட்டதில் நல்ல சாப்பாட்டுக் கடைகள் கிடைத்திருக்கின்றன. ஆள் நடமாட்டமில்லாத குளக்கரை ஒன்று கிடைத்தது. இப்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

தொடங்கித் தொடங்கி நிறுத்தியவற்றைக் கிழித்துப் போடாமல் இங்கேயே வைக்கிறேன்.

"மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில்..." (பொய். வெயில் மண்டையைப் பிளந்தது.)

"அந்த மனிதரின் கண்களில் ஏதோ ஒரு சோகம்..." (இதுவும் பொய். அவர் கண்ணை நான் பார்க்கவே இல்லை. அறையில் ஏசி வேலை செய்யுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.)

"ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் எங்களுக்கு..." (இப்படித் தொடங்கினால் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். எங்களுக்குத் தெரியாமல்தானே போனோம்?)

மூன்றாவதை அடித்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். தெரிந்தது தெரிந்ததாகவே இருக்கட்டும்.

3

தங்கும் விடுதியின் வரவேற்பு மேஜையில் ஒருவர் இருந்தார். நடு வயது, இஸ்திரி போட்ட சட்டை, எந்நேரமும் கையில் ஒரு சாவிக்கொத்து. நாங்கள் எங்களுக்குள் அவரைச் சாவிக்காரர் என்று அழைத்தோம். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"பாலம் தாண்டினா ஒரு மஞ்சள் கட்டடம் சார். மூணாவது மாடிக்குப் போங்க. கடைசி ஜன்னல். அங்கேருந்து பாத்தா ஆறு வளைஞ்சு போறது அப்படியே தெரியும். சாயங்காலம் போங்க, ஆறு மணி வரைக்கும் விடுவாங்க."

"யாரையாவது கேக்கணுமா?"

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

எவ்வளவு அக்கறையான மனிதர் என்று நினைத்தேன். (இந்த வரியை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

4

மஞ்சள் கட்டடத்தின் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. திருதிருவென்று விழித்தேன். "வேற மஞ்சள் கட்டடமா இருக்கும்" என்றேன்.

"பாலம் தாண்டி இது ஒண்ணுதான் மஞ்சள். மேல காபிக் கடை ஏதாவது இருக்கும், வாங்க," என்றாள் மனைவி.

(இதைப் படித்துவிட்டு அவள் சொன்னது: "காபிக் கடைன்னு சொன்னது நீங்க. திரும்பிடலாம்னு சொன்னது நான்." இருக்கலாம். ஆனால் மாற்றினால் நான் இன்னும் மட்டமாகத் தெரிவேன். விட்டுவிடுகிறேன்.)

மூன்றாவது மாடி எலும்பு முறிவுப் பிரிவு. நீளமான கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள், டெட்டால் வாடை. கடைசி ஜன்னல் இருந்தது. ஆறும் வளைந்துதான் போனது. சாவிக்காரர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் ஜன்னலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கட்டில் கிடந்தது, அதில் ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க வாங்க. விடுதியிலேருந்துதானே?" என்று சிரித்தார்.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு.

5

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பேச்சு அப்படியே கிளட்ச், பிரேக், கியர்தான். எங்களை உட்கார வைத்தார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் சொன்ன சுமாரான நகைச்சுவைக்குப் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். பிறகு, சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே சொன்னார்:

"உங்களை அனுப்பினாரே, அவர் என் வீட்டுக்காரர்."

என் மனைவி வாயருகே கொண்டுபோன சுளையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கிறவ நான். அன்னைக்கு மழை. பைக்கை நான் ஓட்டுறேன்னேன். பேசாம பின்னாடி உட்காருன்னார். வழுக்கிடுச்சு. அவருக்கு முழங்கையில சிராய்ப்பு, எனக்கு இது." போர்வையைக் காட்டினார். "ஒரே ஒரு தடவை அந்தக் கதவு வரைக்கும் வந்தார். என் காலைப் பாத்தார். திரும்பிப் போனவர்தான். போன் எடுக்கறதில்ல. தங்கச்சியை அனுப்பினா பின்பக்கமா நழுவிடுறார்."

"ஆனா எங்களை..." என்றேன்.

"தினமும் யாராவது ஜன்னல் பாக்க வர்றாங்க. முதல்ல வந்தவங்களை வழி தவறி வந்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது. அவர் உங்ககிட்ட எப்படி இருந்துச்சுன்னு கேக்குறது ஆத்தைப் பத்தி இல்லீங்க. நீங்க போய், ஜன்னலோரத்துல ஒரு அம்மா கலகலன்னு பேசினாங்கன்னு சொல்வீங்கல்ல? அதுக்குத்தான். நானும் மனுஷன் நிம்மதியா இருக்கட்டும்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசி அனுப்பினேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன். நிம்மதியாவே இருந்துட்டார்."

நாங்கள் பயணிகள் என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு மனிதர் தன் மனைவியைப் பார்க்காமல் இருப்பதற்கு எங்களைக் கருவியாக்கியிருக்கிறார்.

"விடிஞ்சா ஆபரேஷன்," என்றார் அவர். "முட்டிக்குக் கீழ எடுத்துடுறாங்க. அது அவருக்குத் தெரியாது."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் என்னை முழுசா ஒரு தடவை பாக்கணும். இன்னைக்கு விட்டா முடியாது. போற ஊர்ல எதைப் பாக்கலாம்னு கேக்குறவங்கதானே நீங்க? இதை அவருக்கு நீங்க சொல்லுங்க. சிரிச்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

6

எழுதுகிறவனாக எனக்குச் சாவிக்காரரிடம் ஒரு தகராறு. வாசகர் இவரைக் கோழை என்று ஒரு நொடியில் தூக்கிப் போட்டுவிடுவார். எனவே அவரைக் காப்பாற்ற முயன்றேன். இரட்டை வேலை கொடுத்துப் பார்த்தேன். கண்டிப்பான முதலாளியைக் கொடுத்துப் பார்த்தேன். மாமனார் வீட்டோடு பழைய மனத்தாங்கல் ஒன்றைக்கூட... வேண்டாம். எதுவும் ஒட்டவில்லை. அவரால் அந்தக் காலைப் பார்க்க முடியவில்லை. அவளைப் பற்றித் தெரிந்துகொள்ளாமலும் இருக்க முடியவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

7

விடுதிக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம். சாவிக்காரர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"எப்படி சார் இருந்துச்சு? ஆறு தெரிஞ்சுதா? ஜன்னல் பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். எப்படித் தொடங்கலாம் என்று மனதுக்குள் ஒரு வாக்கியத்தை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தேன். மனைவிக்கு அந்த வியாதி கிடையாது.

"உங்க வீட்டம்மாவுக்கு விடிஞ்சா முட்டிக்குக் கீழ கால எடுக்குறாங்க, அண்ணே. முழுசா பாக்கணும்னா இன்னைக்கு மட்டும்தானாம்."

சாவிக்கொத்து மேஜையில் விழுந்தது. அதை எடுக்காமலே, காதில் விழுந்தும் விழாத குரலில் கேட்டார்:

"சிரிச்சாளாம்மா?"

"இல்ல," என்றாள் என் மனைவி.

கடைக்காரர் மறந்துபோய் அதிகமாகக் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்க வெயிலில் நடந்து போகிறவள் அவள். அரை மணி நேரம் ஆகவில்லை அந்தச் சிரிப்பைக் கேட்டு. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளைக் கண்டு நான் அப்படி அதிர்ந்ததில்லை.

8

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், அவர் செருப்புகூடப் போடாமல் பாலத்தின் மேல் ஓடுகிறார். கூட்டம் விலகி வழி விடுகிறது. (எந்தக் கூட்டமும் விலகாது. நான்தான் விலக்கினேன்.)

இன்னொன்றில், அவர் சாவியை எடுத்து எங்களிடம் நீட்டி, "நாளைக்கு எங்க போறதா இருக்கீங்க?" என்கிறார். இதை எழுதி முடித்ததும் நானே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இரண்டையும் எடுத்துவிடுகிறேன். அவர் உண்மையில் செய்தது வரைக்கும்தான் எழுதுவேன். வெளியே வருவதற்காக மேஜையின் மடக்குப் பலகையைத் தூக்கினார். வெளியே வரவில்லை. பலகையைப் பிடித்தபடியே நின்று என்னைக் கேட்டார்:

"நீங்க பாத்தீங்கல்ல சார்? என்னால பாக்க முடியுமா?"

ஊர் ஊராகப் போய் நான் கேட்டுக்கொண்டிருந்ததை ஒருவர் முதல்முறையாக என்னிடம் கேட்கிறார். அந்தப் பெண் போர்வையைக் காட்டிப் பேசிய நேரம் முழுவதும் நான் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடக் கீழே குனிந்து பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. நான் அடுத்த வரியை எழுதாதவரை அது தீராது. இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள், அந்தக் கட்டிலருகே நீங்களும்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அவருக்கு நீங்கள் சொல்லுங்கள். கை வலிக்கப் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.