சட்டையைத் தட்டிய கை

அன்று அந்த அரங்கின் முன் நின்றவர்கள் நான், என் மகள், மாப்பிள்ளை, அவருடைய அப்பாவான என் சம்பந்தி, காதில் மைக் மாட்டிய விற்பனைக்காரர். என் மகனும் இருந்தான். எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

நவீனக் கருவிகளின் கண்காட்சி அது. ஒரு மின்விசிறி எங்கள் மனநிலையைப் படித்துவிட்டுத் தலையாட்டியது. பேசும் பல்துலக்கி ஒன்று என் பற்களின் உறுதியைப் பாராட்டியது. அவை இரவில் கழற்றி வைக்கிற பற்கள். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் வாயைப் பிளந்தார்.

நாங்கள் பார்க்கப் போனது துணி மடிக்கும் இயந்திரத்தை. அதற்கு மூளை அமைத்தவன் தான்தான் என்று என் மகன் தொலைபேசியில் சொல்லியிருந்தான். அதைச் சம்பந்தியிடம் நான் பலமுறை சொல்லியிருந்தேன்.

மகனைப் பற்றி விசாரித்தேன். "சார் வெளியூர் போயிருக்காருங்க. நீங்க மெஷினப் பாருங்க. மனுஷக் கையே படாது, தானா யோசிச்சு மடிக்கும்!" என்றார் விற்பனைக்காரர்.

கருப்புத் திரைக்கு முன்னால் நின்ற இயந்திரம் ஒரு சட்டையை எடுத்து மடித்தது. கடைசியில் காலரின் மேல், குழந்தையைத் தூங்க வைப்பதுபோல், மெல்ல ஒரு தட்டு தட்டியது.

என் மனைவி அப்படித்தான் தட்டுவாள். அவள் படுத்த படுக்கையானபோது துணிகளை மடித்தவன் மகன். "அழுத்தாதடா, தட்டு" என்று கட்டிலிலிருந்து சொல்லிக்கொடுப்பாள். வேறு யாரும் சட்டையைத் தூங்க வைத்து நான் பார்த்ததில்லை.

திரைக்குப் பின்னால் அவன் கையை அசைக்க, முன்னால் இரும்புக் கை அசைந்துகொண்டிருந்தது. மகளுக்கும் புரிந்துவிட்டது. என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"என்ன சம்பந்தி, உள்ள ஆள வெச்சு ஆட்டுறாங்க போலிருக்கே?" சம்பந்தி சிரித்தார். "உங்க பையன் வெச்ச மூளை இதுதானா? திரையத் தூக்கிப் பாத்துடலாமா?"

"அப்பா, வாங்க போயிடலாம்" என்றாள் மகள்.

எங்கள் குடும்ப மானம் அந்தத் திரையில் தொங்கியது. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"மெஷின்தாங்க. பின்னாடி எனக்குத் தெரிஞ்சவன் எவனும் இல்ல." திரைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சொன்னேன்.

அடுத்த சட்டையின் காலருக்கு மேல் தட்ட வந்த கை அந்தரத்தில் நின்றது. விற்பனைக்காரர் எந்தெந்தப் பொத்தானையோ அழுத்திப் பார்த்தார். கை இறங்கவில்லை. சம்பந்தி திரையை மறந்து, "இப்படி மக்கர் பண்ணுதே, மெஷின்தான், மெஷின்தான்" என்று ஒத்துக்கொண்டார்.

அதன் பிறகு மகன் எனக்குப் போன் செய்வதில்லை.

அன்று மின்சாரம் போனதால்தான் இயந்திரம் நின்றது என்று உறவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. கூடத்தில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.