மேயரம்மா ஏன் ரூவேலுக்குக் கையெழுத்துப் போட்டார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது என் காபிக் கடையில், ஒரு சண்டைக்கு நடுவே. பிரான்ஸில் அதிபர் தேர்தலில் நிற்க ஐந்நூறு மக்கள் பிரதிநிதிகளின் கையெழுத்து வேண்டும். போட்டவர்களின் பெயர்கள் வெளியாகிவிடும். எங்கள் மலையூர் மேயர் ஓதிலின் பெயர் ரூவேல் என்பவருக்கு நேரே இருந்தது. ரூவேல், வேட்டையைத் தடை செய்வேன் என்பவர். எங்கள் ஊரில் வேட்டைக்குப் போகாதவை முயல்கள் மட்டும்தான்.

"எழுதிக்கோ. ஆனா காரணத்துக்குப் பவுடர் பூசாத," என்றார் ஓதில்.

2

எழுத உட்கார்ந்தேன். 'ஜனநாயகத்தின் மீது தணியாத நம்பிக்கை கொண்ட ஓதில்...'

(பவுடர்.)

'கொட்டும் பனியில், ஒரு கொள்கை வீரர் பேருந்திலிருந்து...'

(கொள்கை வீரர் ரூவேல் காலுக்கொரு நிறத்தில் காலுறை போட்டிருந்தார். நானே பார்த்தேன்.)

3

சரி, நடந்ததையே சொல்கிறேன். மற்ற வேட்பாளர்களின் ஆட்கள் போனில் கெஞ்சினார்கள். ரூவேல் மட்டும் நேரில் வந்தார். பனியால் திரும்பும் பேருந்து வரவில்லை; ஓதில் வீட்டில் தங்கினார்.

ஓதிலின் கணவர் காஸ்தோன், தம்பி இறந்ததிலிருந்து சூப்பு குடிக்க மட்டுமே வாய் திறப்பவர். அலமாரியில் சீட்டுக்கட்டைப் பார்த்த விருந்தாளி, "ஒரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்டுவிட்டார். தம்பியோடு ஆடிய கட்டு அது. காஸ்தோன் எழுந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ரூவேல் தோற்றார். மறுபடியும் தோற்றார்.

"நாட்ட ஆள வந்த மூஞ்சியப் பாரு! ராணிய கையில வச்சிருக்கான், எறக்கத் தெரியல!" காஸ்தோன் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அடுப்படியில் ஓதில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். காலையில் கையெழுத்துப் போட்டார்.

(இங்கேதான் ஓதில் மேல் எனக்குச் சந்தேகம். ஒரு சிரிப்புக்காகவா? வாசகரே, நீங்கள் இதைவிடப் பெரிய காரணத்துக்கு வாக்களித்ததுண்டா? சும்மா கேட்டேன்.)

4

ஊர்க்கூட்டத்தில் வேட்டைச் சங்கத் தலைவி சொலாஞ்ச் எழுந்தார். "மேயரம்மா, ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. இல்லன்னா பதவிய விட்டு எறங்குங்க."

"அவரோட விவசாயக் கொள்கை..." ஓதில் நிறுத்தினார். "பொய். அதை நான் படிக்கவே இல்ல. என் வீட்டுக்காரர் சிரிச்சார். அதான்."

பின்வரிசையிலிருந்து காஸ்தோன் குரல் வந்தது. "அந்த ஆளு ஏமாத்துனான்."

"என்னது?" என்றார் சொலாஞ்ச்.

"தோக்கறதுக்காக ஏமாத்துனான். நல்ல சீட்டெல்லாம் வேணும்னே வீணாக்குனான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன்யா அப்படிச் சிரிச்சே?" என்றார் ஓதில்.

"நீ அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தியே."

அதற்குப் பிறகு பதவி விலகல் பற்றி யாரும் பேசவில்லை. சொலாஞ்ச் மட்டும், "அப்ப அந்த ரூவேல் ஃபிராடா, நல்லவனா?" என்று முணுமுணுத்தார்.

5

வாக்குப்பதிவு அன்று சொலாஞ்ச் திரைக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். வெளியே வந்து, "யாருக்குன்னு கேட்ட, உன் கடைப்பக்கமே வரமாட்டேன்," என்றார்.

நான் கேட்கவில்லை. வேட்பாளருக்கு ஒன்றாக அடுக்கியிருந்த சீட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ரூவேலின் வாக்குச்சீட்டை எடுத்து...

இல்லை, இதை எழுத மாட்டேன். திரைக்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை. நீங்கள் போங்கள்.