ஏழாம் நம்பர் மலையில் ஒரு கைமாற்று

கூடைக் கயிறு அழுத்துகிற இடத்தில்தான் வலி தொடங்கும். உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு. அங்கிருந்து கழுத்தின் பின்னால் இறங்கி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். புயல் மழை வந்ததிலிருந்து பள்ளிக்கூட மண்டபத்தின் சிமெந்துத் தரையில் சும்மா கிடந்த உடம்பு றோசலினுக்கு. சும்மா கிடக்கும் உடம்பு வேலையை மறப்பதில்லை. வலியைத் தாங்கத்தான் மறந்துவிடுகிறது.

காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பனி இறங்கியிருந்தது. ஆட்கள் தெரியவில்லை. இருமல் மட்டும் அங்கங்கே நின்றுகொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை சுதாகரன் பனிக்குள்ளிருந்து பேசினார்.

"ஏழாம் நம்பர் மலையில இன்னிக்குத்தான் கடைசிக் கொழுந்து. சிவப்புக் கொடிக்கு அங்கிட்டு யாரும் போகப்படாது. மழை இறங்குனா விசில் அடிப்பேன். அடிச்சா எடுத்தது கையோட கீழ இறங்கிடணும். நாளையில இருந்து அந்த மலையைக் காட்டுக்கு விட்டுடுறாங்க."

"மலையே கீழ இறங்கி வருது, நம்மளை மேல ஏத்துறாங்க" என்றாள் ஜீவராணி.

"பேர் வேணுமா வேணாமா ஜீவராணி?"

"வேணும் வேணும். பேர் இல்லாட்டி எனக்கு யாரு சோறு போடுறது, நீங்களா?"

பனிக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள். றோசலின் சிரிக்கவில்லை. கடைசிக் கொழுந்து என்ற சொல் அவள் காதிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு விட்டால் வீரம்மாவின் கொழுந்தைத் திருப்பிக் கொடுக்க வேறு நாள் இல்லை.

தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாள் வேலை. சொன்ன நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். பாதி நாள் மலையில் நிற்காத மாதிரி. அதனால் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்குக் கை ஓடவில்லை என்றால், பக்கத்து நிரையில் இருப்பவள் தன் கூடையிலிருந்து அள்ளி அவள் கூடையில் போடுவாள். அதற்குக் கைமாற்று என்று பெயர். வாங்கியவள் அடுத்த சுற்றுக்குக் கொழுந்து வரும்போது திருப்பிக் கொடுப்பாள். எந்த மலையில் வாங்கியதோ அதே மலையில்தான் கொடுக்க வேண்டும். பள்ளத்து மலையில் மூன்று கிலோ என்பது கொஞ்ச நேரத்து வேலை. ஏழாம் நம்பர் மேட்டில் அது இடுப்பை ஒடிக்கும். ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் கொடுத்தால் யாரோ ஒருத்தியின் இடுப்பு ஏமாறுகிறது. யார் வைத்த சட்டமென்று தெரியாது. மீறியவர்களும் இல்லை.

மலை சரிந்ததற்கு முந்தைய பகலில் றோசலினுக்குக் காய்ச்சல். மழையில் கொழுந்தும் தெரியவில்லை, விரலும் தெரியவில்லை. தராசுக்குப் போகும் வழியில் வீரம்மா கேட்காமலேயே மூன்று கிலோவை அவள் கூடைக்குள் தள்ளினாள்.

"அடுத்த சுத்துல குடுத்துடுடி."

"வட்டி உண்டாக்கா?"

"உண்டு. உன் வீட்டு மீன் கொழம்பு. சட்டியோட."

றோசலினுக்கு முழுப் பேர் விழுந்தது. அன்றிரவு மேல் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராக்களை, வீரம்மாவுடையதையும் சேர்த்து, மலை சரிந்து எடுத்துக்கொண்டது. அவள் புருசன் கந்தப்பன், கொழுந்தைத் தூளாக்குகிற ஸ்டோரில் இரவு வேலையில் இருந்ததால் தப்பினார். வீரம்மா கிடைக்கவில்லை. ஆர்மிக்காரர்கள் தோண்டினார்கள், தோட்டத்து ஆட்கள் தோண்டினார்கள், மழை மறுபடி மூடியது. கடைசியில் சிவப்புக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள்.

மலையில் ஏறியபோது பனி இன்னும் அடர்ந்திருந்தது. காலில் தேய்த்த சவுக்காரத்தையும் தாண்டி அட்டை ஏறியது. கொழுந்து கிடுகிடுவென்று வளர்ந்து நின்றது. இத்தனை நாள் யாரும் தொடாத செடிகள். ஆளுக்கொரு நிரை பிரித்தார்கள். கொடிக்குப் பக்கத்திலிருந்த வீரம்மாவின் நிரையை யாரும் கேட்கவில்லை. றோசலின் போய் நின்றாள்.

முதலில் வீரம்மாவுக்குரியதைப் பறிப்பதென்று நினைத்திருந்தாள். பழைய சேலைத் துண்டொன்றை இடுப்பில் பை மாதிரி கட்டி, அதற்குள் போட்டாள். நல்ல கொழுந்து மட்டும். முற்றிய இலை ஒன்று தவறி விழுந்தபோது அதை எடுத்து வெளியே போட்டாள். சொந்தக் கூடைக்கு இந்தக் கவனம் கிடையாது.

பனிக்குள் வேலை செய்யும்போது மலை அசைவது போலத் தோன்றும். மேகம் நகர்கிறதா, நிற்கிற மண் நகர்கிறதா என்று காலுக்குப் புரியாது. முன்பெல்லாம் அது சும்மா தோன்றுவது. இப்போது கால், மண்ணை ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு ஊன்றியது. அடுத்த நிரையில் யாரோ இருமுவது போலிருந்தது. வீரம்மாவின் இருமல் மாதிரியே, மூன்று சிறியது, ஒன்று பெரியது. றோசலின் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரச் செடிகள் ஒன்றோடொன்று உரசினால் அப்படித்தான் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் கொஞ்ச நேரம் விரலை மெதுவாக ஓட்டினாள், சத்தம் போய்விடக்கூடாதென்று.

பனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். மழைக் கோட்டு, கையில் போன், காலில் புதுச் சப்பாத்து. கெம்பஸிலிருந்து வந்திருந்த லோஜினி. இந்த மாதிரி அனர்த்தங்களை மனிதர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்வதாக நேற்று மண்டபத்தில் சொல்லியிருந்தாள்.

"வேலையைக் கெடுக்க மாட்டேன்க்கா. கூடவே நடந்துக்கிட்டுக் கேக்குறேன்."

"கேளுங்க மிஸ். கை மட்டுந்தான் வேலை செய்யுது, வாய் சும்மாதான் கெடக்கு" என்றாள் ஜீவராணி, இரண்டு நிரை தள்ளி.

"ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் நம்பர் சொல்லணும். அஞ்சுன்னா ரொம்பப் பயம். இங்க இருக்க எவ்வளவு பயமா இருக்கு?"

"எதுக்கு? சிறுத்தைக்கா, மழைக்கா, கணக்கப்பிள்ளைக்கா?"

"எல்லாத்துக்கும் தனித்தனியா சொல்லுங்க."

"கணக்கப்பிள்ளைக்கு ஒண்ணு. அட்டைக்கு அஞ்சு."

லோஜினி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தோட்டத்துச் சாயல் இருக்க, ஜீவராணி கேட்டாள்: "மிஸ்ஸுக்கு எந்த ஊரு?"

"பூண்டுலோயாப் பக்கம். அம்மா இன்னும் கொழுந்துக்குத்தான் போறாங்க."

"அப்ப என்னா மிஸ்ஸு? நம்ம புள்ளதான். இந்தா, நிக்கிற நேரத்துக்கு அந்தச் செடியில நாலு கிள்ளிப் போடு."

லோஜினி போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிள்ளினாள். கை பழகியிருந்தது.

"இந்த மழை எதனாலன்னு படிச்சவங்க சொல்றாங்க?" றோசலின் கேட்டாள்.

"கடல் சூடாயிருச்சுக்கா. சூடான கடல்ல இருந்து மேகம் தாங்க முடியாத தண்ணியைத் தூக்கிட்டு வருது."

"யாரு சூடாக்குனது?" இது ஜீவராணி.

"எல்லாரும்தான். கூடுதலா தூரத்து நாட்டுக்காரங்க. நூறு நூத்தம்பது வருசமா."

"நம்ம தேத்தண்ணி குடிக்கிறவங்களா?"

"அவங்களும்தான்."

"குடிச்சுட்டுமா இந்த வேலை பாத்தாங்க?"

பனிக்குள் மறுபடி சிரிப்பு. அது அடங்கியதும் லோஜினி செடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"முந்தியெல்லாம் ஒரு நட்டம் வந்தா யாரு செஞ்சது, எவ்வளவு போச்சு, எதைக் குடுத்துச் சரிக்கட்டுறதுன்னு கேக்கலாம். கேட்டா ஏதோ ஒரு பதில் வரும். நாங்க படிச்ச படிப்பு முழுக்க அந்தக் கேள்விங்க மேலதான் நிக்குது. இப்ப வர்றது அதுக்குள்ள அடங்க மாட்டேங்குது. காப்புறுதிக்காரன் கூடக் கைய விரிக்கிறான். அதான் நம்பர் கேக்குறோம். வேற எப்படிக் கேக்குறதுன்னு இன்னும் தெரியல."

 "எனக்குத் தெரிஞ்ச நட்டத்துல ஒண்ணு மூணு கிலோ" என்றாள் றோசலின். "அதைச் சரிக்கட்டலாம். மத்தியானத்துக்குள்ள."

லோஜினிக்கு விளங்கவில்லை. றோசலின் இடுப்புத் துணியைக் காட்டி, கைமாற்றுச் சங்கதியைச் சொன்னாள். லோஜினி போனை வெளியே எடுக்கவில்லை. வீரம்மாவின் நிரையில் மறுபக்கமாக நின்று, அவளும் பறித்து அந்தத் துணிக்குள் போடப் போனாள்.

"வேணாம் புள்ள. இது நான் வாங்குனது."

நிரை முடிகிற இடத்தில் பனி சற்று விலகியது. கொடிக்கு அப்பால் மலை இல்லை. சிவந்த மண் பள்ளமாய் இறங்கிப் போனது. வெகு கீழே, ஆற்றோரத்தில், ஒரு துண்டுத் தேயிலை அப்படியே நின்றது. செடிகள் சாயவில்லை. நிரை குலையவில்லை. யாரோ பாயோடு தூக்கிக் கீழே வைத்த குழந்தை மாதிரி, ஏழாம் நம்பர் மலையின் ஒரு துண்டு அங்கே உட்கார்ந்துகொண்டு, மேலே இருப்பதைவிடப் பச்சையாகத் துளிர்த்திருந்தது. றோசலின் நின்றது வீரம்மாவின் நிரையின் இந்தப் பாதியில். மறுபாதி அங்கே இருந்தது. பனி மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அங்கே யாரும் போகப்போவதில்லை; ஆனாலும் கொழுந்து வந்துகொண்டேயிருக்கும்.

மத்தியானம் தராசடியில் கூடினார்கள். றோசலின் தன் கூடையை நிறுத்தபின் துணி மூட்டையையும் கொக்கியில் மாட்டினாள். தராசு மூன்றைக் காட்டி, கொஞ்சம் தாண்டியது. அந்தக் கொஞ்சத்தையும் எடுக்காமல் விட்டாள். இலையில் ஒட்டிய தண்ணிக்கென்று கழிக்கத்தான் போகிறார்கள்.

"யாரு பேருக்கு?" சுதாகரன் கேட்டார்.

"வீரம்மாக்கா பேருக்கு."

சுதாகரன் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. "பேர் போடுற செக்ரோல் புத்தகத்துல அவங்க பேரை இன்னும் வெட்டல. வெட்டவும் ஏலாது, செத்ததுக்குப் பத்திரம் இல்ல. ஆனா மலைக்கு வராத ஆளுக்கு எப்படிக் கொழுந்து போடுறது? உன் பேருக்கே போட்டுடவா?"

"என் கொழுந்து இல்லைங்க அது."

"சரி, கந்தப்பன் அண்ணனைக் கேளு. அவர் வாங்குறேன்னா அவர் பேருக்குப் போடுறேன். நான் தடுக்கல."

கந்தப்பன் லொறியில் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம். றோசலின் மூட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வீரம்மாக்காவோட கைமாத்து, அண்ணே. இந்த மலையில வாங்குனது. இன்னிக்கு விட்டா மலை இல்ல."

அவர் வாங்கிக்கொண்டார். கையில் தூக்கி நிறை பார்த்தார். முடிச்சை அவிழ்க்காமல் மூக்கருகே கொண்டுபோனார். அப்போது லோஜினி பின்னால் நிற்பதைக் கண்டார்.

"மிஸ், நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்கவா? மேல் லயத்துக்குப் பின்னாடி தண்ணி ஓடுற கான் நான்தான் வெட்டுறது. அன்னிக்குப் பகல்ல மண்ணு அள்ளுனேன். பாதி அள்ளிட்டு, மிச்சத்தை விடிஞ்சு பாப்போம்னு ஸ்டோருக்குப் போயிட்டேன். மலை வந்தது நீங்க சொல்ற கடலாலயா, என் கானாலயா?"

லோஜினி ஈரக் கையைக் கோட்டில் துடைத்தாள். ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லிவிடலாம். சொல்லவில்லை.

"பிரிச்சுச் சொல்ல முடியல மாமா. கான் சுத்தமா இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். எங்களால மட்டுமில்ல, யாராலயும் முடியல."

"அப்ப நான்தான்னும் சொல்ல மாட்டீங்க. நான் இல்லைன்னும் சொல்ல மாட்டீங்க."

அவள் தலையை ஆட்டினாள்.

"அவ சங்கதியும் அப்படித்தான்" என்றார் கந்தப்பன். "இருக்காள்னும் சொல்றாங்க இல்ல, போயிட்டான்னும் சொல்றாங்க இல்ல."

மூட்டையைத் திரும்ப றோசலின் கையில் வைத்தார். வைத்த விதத்தில் வெறுப்பு இல்லை. அவள் விரல்களை அதன்மேல் மடித்தும் விட்டார்.

"கருமாதி அன்னிக்குத்தான் குடுத்தது வாங்குனதெல்லாம் கொண்டாந்து தீப்பாங்க. நான் இன்னும் கருமாதி வைக்கல றோசலின். நீயும் கணக்கை முடிச்சிட்டா, அவளுக்கு இங்க வர்றதுக்கு என்னா வேலை இருக்கு?"

"அண்ணே..."

"அவளே வந்து கேக்கட்டும். கேக்காம விடுறவளா அவ?"

விசில் அடித்தது. முதல் துளி தராசுத் தட்டில் விழுந்தது. லொறி கிளம்ப, எல்லோரும் வரிசையாக இறங்கினார்கள். லோஜினி ஜீவராணியின் கையைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி வந்தாள். புதுச் சப்பாத்தைப் பற்றி ஜீவராணி சொன்ன பகிடி மழையில் பாதிதான் கேட்டது. பின்னால் ஏழாம் நம்பர் மலையைப் பனி மூடியது. யாரும் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கவில்லை, ஆனால் சாத்தியாயிற்று.

மண்டபத்தில் தன் பாயருகே சேலைத் துண்டை விரித்துக் கொழுந்தைப் பரப்பினாள் றோசலின். பறித்த கொழுந்து காத்திருக்காது. முதலில் துவளும், பிறகு ஓரம் சிவக்கும், நிறை குறையும். மண்டபம் முழுக்க ஸ்டோர் வாசம் பரவியது. படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள், எங்கோ வேலைக்கு நேரமாகிவிட்ட மாதிரி.  தலையில் கயிறு பதிந்த இடம் இன்னும் வலித்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே கொழுந்து சுருங்கிக் கறுத்துவிட்டது. வாடிய கொழுந்து கைமாற்றில் கழியாது.

வீரம்மாவுக்கு றோசலின் கொடுக்க வேண்டியது மூன்று கிலோ பச்சைக் கொழுந்து, ஏழாம் நம்பர் மலைக் கொழுந்து. இன்னும் கொடுக்கவில்லை.