பெரியப்பாவின் முப்பத்தெட்டு

மாதிரித் தேர்வின் மதிப்பெண் வந்தபோது பாப்பா ஒருவருடைய மூக்கை அளந்துகொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் மூக்குக்குத்தான் முதல் மரியாதை, கண்ணெல்லாம் அப்புறம். வந்தவருக்கு மூக்கு கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை அவரிடம் சொல்லாமலே அதற்கேற்ற கண்ணாடிச் சட்டத்தை எடுத்துக் கொடுப்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். காட்சிப் பெட்டியின் மேலிருந்த கைபேசி ஒருமுறை நடுங்கி வெளிச்சம் காட்டியது. நூற்றுக்கு முப்பத்தெட்டு. பாப்பா முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "இது உங்களுக்கு எடுப்பா இருக்கு சார்" என்றாள். அதே முகத்தோடு முப்பத்தெட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஓரமாக வைத்துவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

ஆனால் தேர்வுக்குப் பதிவு செய்யும்போது அம்மாவின் கைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள். செய்தி அம்மாவுக்கும் போயிருந்தது. அம்மாவிடமிருந்து பெரியப்பாவுக்குப் போக அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பாப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கூடத்தின் ஒரே கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"எத்தனை?" என்றார் பெரியப்பா, தெரியாதவர் மாதிரி.

"முப்பத்தெட்டு, பெரியப்பா."

"அருமை!" என்று தொடையில் தட்டினார். "தொண்ணூறு வாங்கியிருந்தா எனக்கு இங்க என்ன வேலை?"

"அது சரிதான் அண்ணே" என்றது செய்தித்தாள்.

பாப்பா என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். வயது இருபத்தாறு. கண் பரிசோதனைப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்; இருபத்தேழு பிறந்துவிட்டால் விண்ணப்பமே வாங்கமாட்டார்கள். ஆகவே இந்த வருடம் விட்டால் விட்டதுதான். அறுபது மதிப்பெண்ணாவது எடுத்தால்தான் கல்லூரி வாசலை மிதிக்க முடியும். ஐந்து வருடமாகக் கடையில் திரைச்சீலைக்கு வெளியே நின்று, வந்தவர்களை உள்ளே இருக்கும் இருட்டறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். மாலையில் வரும் பரிசோதகர் அம்மா உள்ளேயிருந்து "இது தெளிவா இருக்கா, இப்ப போட்டது தெளிவா இருக்கா?" என்று கேட்கும் குரல் அவளுக்குத் தூக்கத்திலும் கேட்கும். அந்தக் கேள்வியை ஒரு நாளாவது தான் கேட்க வேண்டும். அவளுடைய ஆசை முழுவதும் அவ்வளவுதான். இதில் வெளியில் சொல்ல முடியாத விஷயம் ஒன்றும் இருந்தது. அவளை அதிகமாகக் காலை வாரியது ஒளியியல். நாள் முழுக்க கண்ணாடி வில்லைகளைத் துடைத்து அடுக்குகிறவள், வில்லைகளைப் பற்றிய கேள்விகளில்தான் மண்ணைக் கவ்வியிருந்தாள்.

பெரியப்பா தண்ணீர் பம்பு விற்கும் நிறுவனமொன்றில் விற்பனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் முட்டி வலி வரும். அவருக்குப் பேச்சு வந்தது. 'தொலைநோக்குப் பயிற்சியாளர்' என்று தங்க எழுத்தில் அச்சிட்ட அட்டை வைத்திருந்தார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதைக் கொடுப்பார். மன்றங்கள், அலுவலகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள் என்று மைக் இருக்கும் இடமெல்லாம் அவருக்கு மேடை. மூக்குக்கண்ணாடி போட்டால் வயதானவர் போலத் தெரியும் என்பதால் உரையைப் பெரிய பெரிய எழுத்தில், பக்கத்துக்கு மூன்று வரி வீதம் அச்சடித்து எடுத்துப்போவார். அவர் சரசரவென்று தாள்களைப் புரட்டும் வேகத்தைப் பார்த்துச் சபை அவரை மகா படிப்பாளி என்று எண்ணிக்கொள்ளும். அவருடைய சொந்த மகன், வேலை கிடைத்த அன்றே, மிகுந்த உந்துதலோடு வெளியூர் போய்விட்டான். பெரியம்மா காதுக் கருவியைப் பகலில் கழற்றி வைத்துவிடுவாள். அப்படி வேலையில்லாமல் கிடந்த ஊக்கமெல்லாம் இப்போது பாப்பாவின் பக்கம் திரும்பியது.

மறுநாளே வீட்டின் தோற்றமே மாறிப்போனது. குளியலறைக் கதவில் 'இன்றே', குளிர்சாதனப் பெட்டியில் 'நீயே', படுக்கைக்கு எதிரில் 'எழு' என்று அட்டைகள் ஒட்டப்பட்டன. காலையில் அவர் வந்து கைதட்டித்தான் அவளை எழுப்பினார். எழுந்ததும் நிலைக்கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று சொல்ல வேண்டும். குரலில் உறுதி போதாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. கடைக்குப் போய்விட்டு வந்தால் மாலை அமர்வு. "இன்று நீ என்ன உணர்ந்தாய்?" என்று மேடைத் தமிழில் கேட்பார். "பசி" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "வெற்றிப் பசி!" என்று எழுதிக்கொண்டார். அமர்வு முடிந்ததும் அத்தைகளும் மாமாக்களும் வரிசையாகத் தொலைபேசியில் தைரியம் சொல்வார்கள். எல்லோரிடமும் தைரியத்தைப் பெற்று, எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்துப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் தண்ணீரில் மிதப்பது போல இருக்கும். இவ்வளவுக்கும் நடுவில் படிப்பதற்குத்தான் நேரம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது மாதிரித் தேர்வில் முப்பத்தைந்து வந்தது.

பெரியப்பா கலங்கவில்லை. ஆனாலும் மேடையில் பழைய முப்பத்தெட்டையே வைத்துக்கொண்டார். வாய்க்குள் அது நன்றாக உருண்டது. "என் தம்பி மகள். கண்ணாடிக் கடையில் வேலை. நூற்றுக்கு... முப்பத்தெட்டு" என்று சொல்லி நிறுத்துவார். சபையில் 'த்சொ' என்ற சத்தம் எழும். அந்த 'த்சொ' அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த தாளைப் புரட்டுவார். இதெல்லாம் பாப்பாவுக்குத் தெரியவந்தது கடைக்கு வந்த ஓர் அம்மாள் மூலமாக. அந்த அம்மாள் சட்டத்தை மாட்டிப் பார்த்தபடியே கண்ணாடியில் பாப்பாவை உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, அந்த முப்பத்தெட்டு நீதானே?"

"எந்த முப்பத்தெட்டு?"

"மறைக்காதம்மா. எங்க சங்கத்துல உன்ன நெனச்சு எல்லாருமே கண் கலங்கிட்டோம். மனச விட்டுடாத, என்ன?" என்று கையைப் பிடித்து அழுத்திவிட்டு, சட்டம் வாங்காமலே போய்விட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, பெரியப்பாவும் உடன் இருக்கும்போதே, பாப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் விட்டுட்டேன்மா."

"எதை?"

"பரீட்சையை."

அம்மாவின் கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. "விட்டுட்டேன்னா என்ன அர்த்தம்?" என்றார் பெரியப்பா. "வர்ற ஞாயித்துக்கிழமை உன்ன மேடையில ஏத்துறேன்னு சொல்லி வச்சிருக்கேனே! மாலைக்கெல்லாம் சொல்லியாச்சு!"

"மாலைய நீங்களே போட்டுக்கங்க அண்ணே" என்றார் அப்பா. பிறகு மகள் பக்கம் திரும்பினார். "சாப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

விட்டுவிட்டேன் என்று சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று பாப்பாவுக்குத் தெரியாது. வீட்டில் நிம்மதி வாங்குவதற்காகச் சொன்ன பொய்தான் அது. சொல்லி முடித்ததும் பாதி உண்மையாகிவிட்டது. மறுநாள் யாரும் கைதட்டவில்லை. தொலைபேசியில் அத்தைகள் "போகட்டும், எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார்கள். முன்பு தைரியம் சொன்னதைவிட இப்போது அவர்கள் குரலில் தெம்பு கூடியிருந்தது. அட்டைகளைப் பிய்த்தபோது சுவரின் வண்ணப்பூச்சும் சேர்ந்து வந்தது. 'எழு' இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் மிஞ்சியது. பெரியப்பாவும் சமாளித்துக்கொண்டார். 'பிடித்ததை விடாதே' என்ற தலைப்பு 'விடத் தெரிந்தவரே வென்றவர்' என்று மாறியது. உரையில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. முப்பத்தெட்டு இரண்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

இரண்டு நாள் பாப்பா உண்மையாகவே விட்டிருந்தாள். மூன்றாம் நாள் மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கண் பரிசோதனைப் பெட்டியிலிருந்த வில்லைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் தடித்த வில்லை ஒன்றைத் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று தூக்கிப் பிடித்தபோது, எதிரே மேசையில் நிறுத்தியிருந்த வெள்ளை அட்டையில் ஏதோ அசைந்தது. கையை முன்னும் பின்னும் நகர்த்தினாள். சட்டென்று தெளிந்தது. கடையின் கண்ணாடிக் கதவும் அதற்கு வெளியே தெருவும், தலைகீழாக, ஒரு தபால்தலை அளவில். பேருந்து ஒன்று சக்கரங்கள் மேலே இருக்க ஊர்ந்து போனது. ஒருவர் வானத்தில் கால் வைத்து நடந்து போனார். ஐந்து வருடமாக இதே வில்லைகளைத் துடைக்கிறாள். ஒருநாளும் இதைப் பார்த்ததில்லை. முதல் தேர்வில் இதே கேள்விதான் வந்தது. நேரான பிம்பம் என்று குறித்துவிட்டு வந்திருந்தாள்.

அப்படியென்றால் பொருளைக் கிட்டே கொண்டுவந்தால்? அட்டையும் வில்லையுமாக நகர்த்திக்கொண்டே இருந்தாள். கைப்பையின் அடியில் கசங்கிக் கிடந்த கேள்வித்தாளை வெளியே எடுத்தாள். ஊக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. முதுகில் எட்டாத இடத்தில் அரிப்பது மாதிரி ஒரு தவிப்பு. ஒரு கேள்வியில் அது அடங்கியது. அடுத்த கேள்வியில் மறுபடி ஆரம்பித்தது.

அதன்பிறகு கடையை ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்தாள். முதலாளி அதைத் தன் நிர்வாகத் திறமை என்று பக்கத்துக் கடைகளில் சொல்லிக்கொண்டார். தப்பாகப் போட்ட கணக்குகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தன்னை ஏமாற்றியது என்று பார்த்தாள். சில நாள் ஒரே ஒரு கணக்குதான் ஆகும். சில நாள் அதுவும் ஆகாது. அன்றைக்கு அழுகை முட்டும். ஆனால் அதைப் பார்த்து யாரும் 'த்சொ' கொட்டவில்லை என்பதால் சீக்கிரமே நின்றுவிடும். மூன்றாவது மாதிரித் தேர்வுக்கு அம்மாவின் எண்ணைக் கொடுக்கவில்லை. ஐம்பத்து மூன்று. யாரிடமும் சொல்லாமல் இருப்பது படிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் சட்டங்கள் மாட்டி வைத்திருக்கும் பிளாஸ்டிக் தலையிடம் சொன்னாள். அது பாராட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. அதன்மேல் அவளுக்கு மரியாதை கூடியது.

பெரியப்பா கடைக்கு வந்தது ஒரு மாலை வேளையில். ஏன் வந்தார் என்பதை அப்பா முன்னமே சொல்லிச் சிரித்திருந்தார். ஒரு கூட்டத்தில் அமைப்பாளர்கள் 'நேரம் முடிந்துவிட்டது' என்று சீட்டு எழுதி நீட்ட, இவர் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாமல் அதைப் பாராட்டு என்று நினைத்து, தலை வணங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேசியிருக்கிறார். மின்விசிறிகளை நிறுத்திய பிறகுதான் சபைக்கு விடுதலை கிடைத்திருக்கிறது.

"சும்மா ஒரு பார்வைக்கு வந்தேன்" என்றார். "கண்ணு எனக்குக் கழுகுக் கண்ணு."

பரிசோதகர் அம்மா அந்தக் கழுகை உள்ளே கூட்டிப்போனாள். "இது தெளிவா இருக்கா, இப்ப போட்டது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, கனத்த வட்டமான சோதனைச் சட்டத்தில் வில்லைகளைச் செருகி வெளியே அனுப்பினாள். "படிக்கிற கண்ணாடி. எதையாவது குடுத்துப் படிச்சுப் பாக்கச் சொல்லும்மா. தூரமா பாத்தா மங்கும்."

படித்துப் பார்ப்பதற்கான அட்டையைப் பாப்பா உள் அலமாரியில் தேடி எடுத்து வருவதற்குள், அவர் மேசைமேல் கிடந்த தாளைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். அவருடைய கை பழக்கத்தில் முதலில் நீண்டது. பிறகு தானாகவே மடங்கி முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. உதடுகள் மெல்ல அசைந்தன. அது மூன்றாவது மாதிரித் தேர்வின் தாள்; தப்புகளைத் திருத்தி, வந்த மதிப்பெண்ணையும் சிவப்பு மையால் அவளே மேலே எழுதியிருந்தாள்.

"ஐம்பத்து மூணு" என்றார், விலைச்சீட்டைப் படிப்பவர் போல.

அட்டைகள், கைதட்டல், மாலை அமர்வு, மேடை, பூமாலை எல்லாம் அந்த ஒரு கணத்தில் பாப்பாவின் கண்முன் வரிசையாக வந்து போயின. தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"அப்ப நீ விடலையா?"

"ரெண்டு நாள் விட்டேன், பெரியப்பா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கைதட்டுவீங்க."

அவருடைய கைகள் அப்போதே ஒன்றையொன்று நோக்கிப் பாதி தூரம் வந்திருந்தன. அவர் குனிந்து அவற்றைப் பார்த்தார். புதுக் கண்ணாடியில் விரல்களும் ரேகைகளும் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். வேறு யாருடைய கைகளையோ பார்ப்பவர் போலப் பார்த்துவிட்டு, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வெற்றி என்பது..." என்று ஆரம்பித்தார். அது எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாதது போல நின்றுபோனது. தாளை மறுபடி எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கடைசிக் கணக்கு ஏன் காலியா இருக்கு?"

"நேரம் ஆயிடுச்சு."

"இப்ப போடு" என்றார்.

அப்புறம் கண்ணாடியைக் கழற்ற மறந்து, சட்டம் மூக்கில் ஆட, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்ப் படியில் நின்றார். தெரு அவருக்கு வெறும் கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும். எதையோ உற்றுப் பார்ப்பவர் போல நின்றார். உள்ளே வரப்போன ஒருவரைக் கை நீட்டி நிறுத்தினார். கதவு முழுதாகச் சாத்தவில்லை, பேச்சு கேட்டது.

"உள்ள வேலையா இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க."

"சார், நீங்க அந்தப் பேச்சாளர்தானே? எங்க ஆபீசுக்குக்கூட வந்தீங்களே?"

"இல்லீங்க" என்றார் பெரியப்பா. "கண்ணு காட்ட வந்தேன்."

இரவு வீடு போய்ச் சேரும்வரை அவர் வாய் தாங்குமா என்று பாப்பாவுக்குத் தெரியவில்லை. அதுவரை இருக்கும் நேரம் அவளுடையது. பேனாவை எடுத்தாள். இதுவும் வில்லைக் கணக்குதான். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வெள்ளை அட்டைக்கு முன்னால் பிடித்து, மெதுவாக நகர்த்தினாள். கதவு வந்தது, படி வந்தது. படியில் கட்டைவிரல் நகத்தளவில் பெரியப்பா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலைகீழாக, வாய் திறக்காமல் நின்றிருந்தார்.